ராக்கெட் விற்ற தெரு

சாந்தினி சௌக்கிலிருந்து தரீபா கலான் வழியாகத் தெற்கே நடந்தால், வெள்ளிக் கடைகளும் அத்தர் கடைகளும் முடிகிற இடத்தில் ஜாமா மசூதி தெரியத் தொடங்கும். அதை ஒட்டிக் கிடக்கிறது பாய்வாலான் பஜார். பழைய தில்லியில் தெருவுக்கு ஒரு தொழில். கல்யாண ஜரிகை என்றால் கினாரி பஜார், பாடப் புத்தகம் என்றால் நயீ சடக், மிளகாயும் மஞ்சளும் என்றால் காரி பாவ்லி. பட்டாசு என்றால் பாய்வாலான். சதர் பஜாரிலும் பட்டாசு உண்டு. ஆனால் அங்கே அது பிளாஸ்டிக் வாளி, பலூன், ராக்கி கயிறு ஆகியவற்றின் வரிசையில் சீசனுக்கு வந்து போகும் சரக்கு. பாய்வாலானில் அதுவே குடும்பத் தொழில்.

மசூதியை ஒட்டிய தெரு என்பதால் கடைக்காரர்களில் முஸ்லிம்கள் பலர். லட்சுமி பூஜை நடக்கிற வீடுகளுக்கு வேண்டிய ராக்கெட்டும் அனாரும் இவர்கள் கையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தன. தீபாவளி போக, மாப்பிள்ளை குதிரையில் வரும் கல்யாண ஊர்வலங்கள், ஷப்-ஏ-பராத் இரவு, கிரிக்கெட்டில் பாகிஸ்தானைத் தோற்கடிக்கும் நாள் என்று தில்லிக்கு வெடி கொளுத்தக் காரணங்கள் குறைவில்லை. பழக்கமும் புதிதல்ல. 14ஆம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் தன் புதுத் தலைநகரில் ஷப்-ஏ-பராத்துக்கு நடத்திய வாணவேடிக்கையைப் பற்றி அஃபீஃப் என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தலைநகரின் இடிபாடுதான் பெரோஸ் ஷா கோட்லா. பாய்வாலானிலிருந்து ரிக்‌ஷா தூரம்.

இந்தத் தெருவில் கால் வைக்கும் தமிழருக்கு இரண்டு விஷயங்கள் உடனே புரியும். ஒன்று, அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டிருக்கும் ஊர். இன்னொன்று, கடைக்காரர் சொல்லும் பெயர்கள். வெளிச்சம் தரும் குச்சியைத் தமிழர்கள் மத்தாப்பு என்பார்கள். பாரசீகத்தில் 'மஹ்தாப்' என்றால் நிலா, நிலவொளி. அதுதான் உருதுவழி தெற்கே இறங்கி மத்தாப்பு ஆனது. வாணம் என்பது அம்பைக் குறிக்கும் 'பாணம்'. மொகலாயப் படைகளும் ராக்கெட்டை 'பான்' என்றே அழைத்தன. ஆக, அத்தை வீட்டுக் கொல்லையில் வாணம் விட்ட சிறுவன், அறியாமலே ஒரு போர்க்கருவியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். புஸ்வாணம் மட்டும் நம் காது கேட்டு வைத்த பெயர். வடக்கே அதற்கு அனார், அதாவது மாதுளை. சொல் வடக்கிலிருந்து தெற்கே போயிருக்கிறது. சரக்கு தெற்கிலிருந்து வடக்கே வந்திருக்கிறது.

சரக்கு வந்த கதை ஒரு ரயில் பயணத்தில் ஆரம்பிக்கிறது. மழை பொய்க்கும் கரிசல் பூமியான சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது. 1940ல் வெடிபொருள் விதிகள் வந்து, உரிமம் இல்லாமல் செய்ய முடியாது என்றான பிறகு, முறைப்படி உரிமம் வாங்கிய ஆலைகள் அங்கே வளர்ந்தன. வறண்ட காற்று தொழிலுக்குத் தோதாக இருந்தது. வேறு பிழைப்பு இல்லாத கைகள் நிறைய இருந்தன. சில தலைமுறைக்குள் நாட்டில் வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும்பகுதி அந்த ஒரு வட்டாரத்திலிருந்தே புறப்பட்டது. 2,500 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் பயணம் செய்து தில்லிக் கிடங்குகளுக்கு வந்து சேர்ந்தது. ஒரு தீபாவளி முடிந்த கையோடு அடுத்த தீபாவளிக்கான வேலை தொடங்குவதுதான் சிவகாசியின் கணக்கு. தில்லி வியாபாரியும் மாதக் கணக்கில் முன்னதாகவே ஆர்டர் கொடுத்துவிடுவார். இந்த முன்பணமும் முன்யோசனையும்தான் பிற்பாடு அவரைக் கவிழ்த்தன.

பாய்வாலான் விற்ற பொருள்களிலேயே ரகளையானது ராக்கெட். அதன் வயிற்றில் இருப்பது வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த கருமருந்து. அதை இறுக்கமாக அடைத்த காகிதக் குழல், அடியில் குறுகிய வாய், நடுவில் ஒரு வெற்றிடம். திரி எரிந்து உள்ளே போனதும் அந்த வெற்றிடத்தின் சுவர் முழுதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கிறது. வாயு குறுகிய வாய் வழியாகக் கீழே பீறிட, குழல் மேலே கிளம்புகிறது. நீளமான குச்சி அலங்காரத்துக்கு இல்லை. வால் இல்லாத பட்டம் சுழல்வது போல, குச்சி இல்லாத ராக்கெட்டும் திசை கெட்டுச் சுழலும். குச்சி ஒடிந்த ராக்கெட்டை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது இதனால்தான். ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்புவதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே.

வித்தியாசம், தீ வைக்கும் முறையில். மொட்டை மாடியில் ஒரு காலி பாட்டில், அதில் சாய்ந்து நிற்கும் ராக்கெட், குனிந்து ஊதுவத்தியை நீட்டும் கை, பின்னால் ஓடத் தயாராக ஒரு கால். தீ வைப்பவரின் முகத்துக்கும் திரிக்கும் இடையே இருப்பது கை நீளம் மட்டுமே. திரி அணைந்ததா, உள்ளே கனன்றுகொண்டிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிற அந்த ஒரு நொடிதான் சப்தர்ஜங் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு ஒவ்வொரு தீபாவளி இரவும் ஆள் அனுப்பிவைத்தது.

தில்லியிலேயே தீன் மூர்த்தி வளாகத்தில் நேரு கோளரங்கம் இருக்கிறது. 1984ல் திறந்தது. ராகேஷ் சர்மாவைப் பூமிக்குத் திரும்பக் கொண்டுவந்த சோயுஸ் டி-10 கலம் அங்கே வைக்கப்பட்டது. நுழைவுத் தீயில் கருகிய அந்தப் பெரிய உருண்டையைப் பார்க்காமல் வளர்ந்த தில்லிப் பள்ளிப் பிள்ளைகள் குறைவு. பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. 1984 ஏப்ரல் 3 அன்று சர்மாவைச் சுமந்துகொண்டு பைகோனூரிலிருந்து கிளம்பிய அந்த ரக ராக்கெட்டுகளுக்குத் தீ மூட்டப் பயன்பட்டவை, ஒவ்வொரு எரிகுழாய்க்குள்ளும் செருகப்பட்ட பெரிய மரச் சட்டங்கள். பூர்ஜ மரத்தில் செய்து, முனையில் மின்சாரத்தால் பற்றும் மருந்து வைத்தவை. பெரிய தீக்குச்சி என்று சொன்னால் தப்பில்லை. ஆனால் அதைக் கொளுத்துகிறவர் கான்கிரீட் பதுங்கறைக்குள், வெகு தொலைவில் உட்கார்ந்திருப்பார்.

இந்தத் தொலைவைக் குழந்தைகளின் விளையாட்டுக்கும் கொண்டுவர முடியும் என்று காட்டியவர்கள் அமெரிக்கர்கள். 1954ல் நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக்கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல், பட்டாசு மருந்தை வைத்துத் திரும்பத் திரும்ப விடக்கூடிய சின்ன ராக்கெட் ஒன்றைச் செய்தார். மேலே போனதும் பாராசூட் விரிந்து இறங்கும். ஏவுகணைத் தளத்தில் வேலை செய்த ஹாரி ஸ்டைன் என்பவர், பையன்கள் தாங்களே மருந்து கலந்து கைவிரலை இழப்பதைப் பற்றிக் கவலையோடு எழுதிய கட்டுரையைப் பார்த்து, கார்லைல் தன் மாதிரிகளை அவருக்கு அனுப்பினார். 1957ல் ஸ்புட்னிக் பறந்த பிறகு அமெரிக்கச் சிறுவர்கள் கொல்லைப்புறங்களில் ராக்கெட் பைத்தியம் பிடித்து அலைந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட மருந்துக் குழல்களை இயந்திரத்தில் செய்துகொடுத்தவர் வெர்ன் எஸ்டஸ். அவர் தகப்பனார் டென்வரில் பட்டாசுத் தொழில் நடத்தியவர். அங்கும் விஞ்ஞானத்துக்கு மருந்து கொடுத்தது ஒரு பட்டாசுக் குடும்பம்தான்.

அந்த விளையாட்டின் விதிகள் எளிமையானவை. மருந்தை நீ கலக்காதே. ஆலையில் செய்த குழலையே வாங்கு. திரியைக் கையால் கொளுத்தாதே. மின்கம்பி வழியாகத் தொலைவிலிருந்து பற்றவை. சின்ன ராக்கெட்டுக்கு 15 அடி, பெரியதற்கு 30 அடி தள்ளி நில். சத்தமாக எண்ணு. பற்றாவிட்டால் சாவியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடமாவது காத்திரு. அதற்குப் பிறகே கிட்டப் போ. அவ்வளவுதான். ஊதுவத்திக்கும் இதற்கும் இடையிலுள்ள 15 அடியில் எத்தனையோ கண்களும் விரல்களும் பிழைத்திருக்கின்றன.

ராக்கெட்டுக்குப் பேர்போன நாட்டில் இந்த விளையாட்டு வேரூன்றவில்லை என்பது வேடிக்கைதான். 1780ல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கும்பினிப் படை ஹைதர் அலி, திப்புவின் ராக்கெட்டுகளிடம் பட்ட அடியை அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் ஓவியமாகப் பார்த்து அசந்துபோனதை அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். 2018ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் பழைய கிணறு ஒன்றைத் தோண்டியபோது அந்தக் காலத்து இரும்புக் குழல் ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. ஆனால் இங்கே சட்டம் 1884ஆம் ஆண்டுக்கு உரியது. ஆங்கிலேயர் போட்ட வெடிபொருள் சட்டம். அதன் கீழ் 2008ல் புதுப்பிக்கப்பட்ட விதிகளில் கருமருந்து வகுப்பு 1, பட்டாசு வகுப்பு 7. பள்ளிக்கூட மேசையில் வைத்துக் கற்றுக்கொள்ளும் பொருளுக்குத் தனி வகுப்பு இல்லை. ஆகவே தில்லிப் பள்ளிகளில் ராக்கெட் பாடம் பெரும்பாலும் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரும் காற்றும் அடைத்து விடுவதோடு முடிந்துவிடும். கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2025 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில், விண்வெளித் துறையின் இன்ஸ்பேஸ் அமைப்பு மாணவர்களுக்கான மாதிரி ராக்கெட் போட்டி நடத்தியது.

தில்லியில் பட்டாசு விற்க உரிமம் தருவது போலீஸ். தீபாவளிக்காகத் தற்காலிகக் கொட்டகை போடுவதற்கும் விதி உண்டு. எளிதில் தீப்பிடிக்காத பொருளால் கொட்டகை அமைய வேண்டும். ஒன்றுக்கொன்று மூன்று மீட்டர் இடைவெளி. எதிரெதிரே இருக்கக்கூடாது. எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு கூடாது. ஒரே இடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. படிப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டிய சந்துகளைக் கொண்ட ஒரு நகரத்தில் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான் சங்கடம்.

சந்துகளில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதைப் பழைய தில்லி பார்த்திருக்கிறது. 1999ல் லால் குவான் பகுதியில் ரசாயனக் கிடங்கு தீப்பிடித்து 50க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2018 ஜனவரி 20 அன்று தில்லியின் வட ஓரத்தில் பவானா தொழிற்பேட்டையில், பட்டாசு வைத்திருந்த ஒரு கட்டடம் எரிந்து 17 பேர் மாண்டார்கள். பெண்களே அதிகம். அந்த இடத்துக்கு வாங்கியிருந்த உரிமம் பிளாஸ்டிக் தொழிலுக்கு. பட்டாசின் மறுமுனையிலோ பட்டியல் இன்னும் நீளம். 2012 செப்டம்பர் 5ல் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரே ஆலையில் 38 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். மருந்து கலக்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது, உள்ளே போகுமுன் செப்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்னூட்டத்தைக் கழிக்க வேண்டும், பருத்தி உடுப்புதான் உடுத்த வேண்டும் என்றெல்லாம் அங்கும் விதிகள் இருக்கின்றன. தீபாவளி நெருங்க நெருங்க, ஆர்டர் அதிகமாக அதிகமாக, அறைக்குள் ஆட்களும் அதிகமானார்கள். அந்த ஆர்டரில் தில்லியின் பங்கு எவ்வளவு என்பதைப் பாய்வாலானில் பெட்டியைப் பிரித்தவர் யோசித்திருக்க வழியில்லை.

தில்லியின் வழக்கு உயிர்ச்சேதத்தில் ஆரம்பிக்கவில்லை. மூச்சில் ஆரம்பித்தது. 2015ல் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய தகப்பனார்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். மனுதாரர்களில் மூத்தவருக்கே ஒன்றரை வயது ஆகவில்லை. அர்ஜுன் கோபால் வழக்கு என்று அது பெயர் பெற்றது. எங்கள் நுரையீரல் இன்னும் வளர்ந்து முடியவில்லை, இந்தக் காற்றை எங்களுக்குக் கொடுக்காதீர்கள் என்பது அதன் சாரம். அறுவடை முடிந்த பஞ்சாப், ஹரியானா வயல்களில் தாளடி எரியும் காலம், காற்று அசையாமல் படுத்துக்கொள்ளும் குளிர்காலத் தொடக்கம், தலைநகரின் வாகனப் புகை, கட்டுமானத் தூசி என்று எல்லாம் கூடி வரும் வாரத்தில்தான் பெரும்பாலும் தீபாவளியும் வந்து விழுகிறது. பட்டாசு மட்டுமே குற்றவாளி இல்லை. ஆனால் ஏற்கெனவே மூச்சுத் திணறுகிறவரின் மார்பில் உட்காருவது அது.

2016 அக்டோபர் 30 தீபாவளி. அடுத்த வாரம் தில்லியில் எதிர்ச்சாரிக் கட்டடம் தெரியாத அளவுக்குப் புகைமூட்டம். பள்ளிகளுக்கு விடுமுறை. நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதி முழுவதிலும் பட்டாசு விற்பனை உரிமங்களை நிறுத்திவைத்தது. மறு ஆண்டில் நடந்ததுதான் பாய்வாலானை முறித்தது. 2017 செப்டம்பர் 12 அன்று நீதிமன்றம் தடையைத் தளர்த்தியது. தில்லியில் தற்காலிக உரிமங்கள் 500க்கு மேல் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு விற்கலாம் என்றது. வியாபாரிகள் கடன் வாங்கிச் சரக்கு எடுத்தார்கள். லாரிகள் வந்து இறங்கின. அக்டோபர் 9ல் தீர்ப்பு திரும்பியது. மாதம் முடியும்வரை விற்பனை கூடாது. தீபாவளி அக்டோபர் 19. நடுவில் பத்தே நாள். 13ஆம் தேதி வியாபாரிகள் ஓடிப்போய் முறையிட்டும் நீதிபதிகள் மாற்ற மறுத்துவிட்டார்கள். நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் ஒரு மாத இடைவெளியில் 'வாங்கு' என்றும் 'விற்காதே' என்றும் சொல்லப்பட்ட சரக்கின் நஷ்டத்தைச் சுமந்தவர்கள் உரிமம் வாங்கி, வரி கட்டி, கடையைத் திறந்து வைத்துக் காத்திருந்தவர்கள். உரிமமே இல்லாதவருக்கு எந்தத் தீர்ப்பாலும் எதுவும் நடக்கவில்லை.

2018 அக்டோபர் 23ல் வந்த விரிவான தீர்ப்பு முழுத் தடையை ஏற்கவில்லை. மாசு குறைந்த பட்டாசு மட்டும், இரவு 8 மணியிலிருந்து 10 மணிவரை மட்டும் என்றது. சரவெடிக்குத் தடை. பேரியம் உப்புக்குத் தடை. இணைய விற்பனைக்குத் தடை. சிவகாசிக்கு இது இடி. சரவெடியும் பேரியமும் இல்லாமல் பட்டாசா என்று கேட்டார்கள். 2017 டிசம்பரில் ஒரு முறை மூடிய ஆலைகளை 2018 நவம்பரில் மறுபடியும் மூடினார்கள்.

பேரியத்தின் கதையில் ஒரு நகைமுரண் உண்டு. பட்டாசில் ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு தரும், தாமிரம் நீலம் தரும், சோடியம் மஞ்சள் தரும். பச்சை நிறத்தைத் தருவது பேரியம். அந்தப் பச்சையை எடுத்துவிட்டால்தான் அது 'பசுமைப் பட்டாசு'. நாகபுரியிலுள்ள நீரி ஆய்வகம் இதற்கு ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று மூன்று வகைகளை உருவாக்கியது. ஸ்வாஸ் என்றால் சுவாசம். வெடிக்கும்போது நீராவியை விட்டுத் தூசியை அடக்கும் வகை. பெயர் வைத்தவருக்குக் கற்பனை உண்டு. புகைத் துகள் சுமார் 30 சதவீதம் குறைகிறது என்பது ஆய்வகத்தின் கணக்கு. மீதி 70 சதவீதம் இருக்கத்தான் இருக்கிறது என்பதைப் பெட்டியில் யாரும் அச்சிடுவதில்லை. 2019 தீபாவளிக்குத் தில்லிக் கடைகளில் சட்டப்படி கிடைத்தவை அனாரும் கம்பி மத்தாப்பும் மட்டுமே. மேலே போகிற எதுவும் இல்லை. அந்த ஆண்டு பாய்வாலானில் சட்டப்படி விற்க ராக்கெட் இல்லாமல் போயிற்று.

2020ல் கொரோனாவோடு முழுத் தடை வந்தது. பிறகு ஆண்டுதோறும் குளிர்காலத்துக்கு முன் தில்லி அரசின் தடை உத்தரவு, தீபாவளி மழை மாதிரி வழக்கமாகிவிட்டது. வெடித்தால் 200 ரூபாய் அபராதம், ஆறு மாதச் சிறை. விற்றால் 5,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டுச் சிறை என்று 2022ல் அமைச்சர் அறிவித்தார். ஆனால் தீபாவளி இரவில் தில்லி மொட்டை மாடியில் நின்றவர்களுக்கு அந்தத் தடை காதில் விழவில்லை. வடக்கே, கிழக்கே, தெற்கே என்று வானம் எல்லாத் திசையிலும் வெடித்துக்கொண்டிருந்தது. தில்லி எல்லையைத் தாண்டினால் ஹரியானா, உத்தரப் பிரதேசம். காரின் பின்பெட்டி போதும்.

இங்கேதான் அரசின் சோம்பேறித்தனம் வெளிப்படுகிறது. காற்றுக்காகத் தடை என்றால் காற்று சுத்தமாக வேண்டும். பிழைப்புக்காக அனுமதி என்றால் உரிமக்காரர் பிழைக்க வேண்டும். பெயரளவுத் தடையில் இரண்டும் நடக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் கடைகள் மூடின. கண்ணுக்குத் தெரியாத கிடங்குகள் திறந்தன. பேரியம் உண்டா, எங்கே செய்தது, யார் செய்தது என்று கேட்க முடியாத பெட்டி, உரிமக் கடையின் பெட்டியைவிடச் சுலபமாகக் கைக்கு வந்தது. பவானாவில் இறந்தவர்கள் அப்படிப்பட்ட ஒரு கதவுக்குப் பின்னால் இருந்தவர்கள்தான்.

2024 டிசம்பர் 19 அன்று தில்லி அரசு, தயாரிப்பு, இருப்பு, விற்பனை, வெடிப்பு எல்லாவற்றுக்கும் ஆண்டு முழுவதற்கும் தடை போட்டது. தீபாவளிக்கு மட்டும் மூடி, கல்யாணத்துக்குத் திறந்து காலம் தள்ளலாம் என்று இருந்த பாய்வாலான் உரிமக்காரர்களுக்கு அந்தக் கதவும் சாத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 3ல் நீதிபதி அபய் ஓகா அமர்வு அதைத் தளர்த்த மறுத்தது. எல்லோராலும் வீட்டில் காற்றுச் சுத்திகரிப்பான் வைத்துக்கொள்ள முடியாது, தெருவில் வேலை செய்கிறவர்களைத்தான் புகை அதிகம் தாக்குகிறது என்று நீதிமன்றம் சொன்னதை மறுக்க யாராலும் முடியாது. பாய்வாலானில் மூட்டை சுமக்கிறவரும் ரிக்‌ஷா மிதிக்கிறவரும் அந்தத் தெருக்காரர்கள்தானே. ஒரே ஆள் பட்டாசுப் பெட்டியால் கூலி வாங்குகிறார், பட்டாசுப் புகையால் இருமுகிறார்.

அதே ஆண்டு அக்டோபர் 15ல் தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் அமர்வு இன்னொரு முறை கதவைக் கொஞ்சம் திறந்தது. 18ஆம் தேதி தொடங்கிச் சில நாள் மட்டும், குறிப்பிட்ட இடங்களில், நீரி பதிவும் கியூஆர் குறியும் உள்ள பசுமைப் பட்டாசு விற்கலாம். தீபாவளியன்றும் முந்தைய நாளும் காலை 6 முதல் 7 வரை, இரவு 8 முதல் 10 வரை வெடிக்கலாம். மாதக் கணக்கில் முன்னதாக ஆர்டர் கொடுக்கும் தொழிலுக்குக் கிடைத்தது மூன்று நாள் அவகாசம். இரவு பத்து மணிக்குப் பிறகும் நெடுநேரம் நகரம் வெடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் காற்று மோசமாகவே இருந்தது.

அந்த உத்தரவில் இருந்த காலை ஒரு மணி நேரத்தைத் தில்லியின் பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை. வட இந்தியருக்குத் தீபாவளி என்பது இருட்டிய பிறகு, லட்சுமி பூஜை முடிந்து வருவது. கரோல் பாக், ஆர்.கே.புரம், மயூர் விகார் தமிழர்களுக்கோ அது நரக சதுர்த்தசி விடியல். எண்ணெய் தேய்த்துக் குளித்து, மஞ்சள் தடவிய புதுத் துணி உடுத்தி, தீபாவளி மருந்தை வாயில் போட்டுக்கொண்டு, இருட்டு விலகுமுன் முதல் வெடியைக் கொளுத்த வேண்டும். இரவு எட்டிலிருந்து பத்து என்ற 2018 தீர்ப்பு தெற்கைக் கணக்கில் எடுக்கவில்லை என்று தமிழக அரசு முறையிட்ட பிறகு, அக்டோபர் 30 அன்று, இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் இசைந்தது. தமிழகம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக்கொண்டது. தில்லித் தமிழருக்கு அந்தச் சலுகை எட்டவில்லை. ஊரிலிருந்து நாலு பெட்டி கொண்டுவரலாம் என்றால் ரயிலில் பட்டாசு ஏற்றுவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டுவரை சிறை. அதனால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் முறுக்கும் அதிரசமும் வரும், மத்தாப்பு வராது.

ஆக, ஏழு ஆண்டு கழித்து 2025ல் அந்த விடியல் ஒரு மணி நேரம் தில்லிக்கும் வந்தது. அக்டோபர் 20, திங்கட்கிழமை. தில்லியில் அன்று சூரிய உதயம் ஏறக்குறைய 6.25. விடிவதற்கு முன் கொளுத்த இருந்தது 25 நிமிடம்.